கொடுப்பதற்கு எல்லை எங்கே? பயன்பாட்டுவாதம் தனிமனிதரிடம் அளவுக்கு மீறிக் கேட்கிறதா?

கானாடுகாத்தான் வளவு:

அனைவருக்கும் வணக்கம். பங்காளிகள் கூடிப் பூர்வீக வீட்டின் ஓடு மாற்றும் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த ஒரு கேள்வி எனக்குள் இன்னும் தீராமல் இருப்பதால், அதை இந்த இழையில் வைக்கிறேன். எங்கள் பாட்டையா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டிய வீடு அது. முகப்பு இன்னும் உறுதியாக இருக்கிறது. வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரங்களில்தான் நாட்டு ஓடு சரிந்து, ஐப்பசி மழைக்கு நீர் உள்ளே இறங்கி, பர்மாத் தேக்குத் தூண்களின் மேற்பகுதியில் கறுப்பாகக் கறை பிடித்திருக்கிறது. கொத்தனார் சொன்ன தொகையைப் பங்கு பிரித்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அந்த வீட்டில் யாரும் நிரந்தரமாகக் குடியில்லை. ஒரு திருமணம், முன்னோருக்குப் படையலிடும் ஒரு படைப்பு என்று ஆண்டில் சில நாட்கள்தான் எல்லாக் கதவுகளும் திறக்கப்படுகின்றன.

தத்துவம் படிக்கும் எங்கள் சித்தப்பா பேத்தி, "இந்தத் தொகையைக் கொண்டு உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்று தெரிந்த பிறகும் இதை ஓட்டுக்குச் செலவழிப்பது சரிதானா?" என்று கேட்டாள். பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு மரச் செலவுக் கணக்குக்குப் போய்விட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவள் சொன்னது தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரையின் வாதம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த 1971இன் இறுதியில் அவர் அதை எழுதினார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் நம் உடை சேறாகும், அவ்வளவுதான். அப்படியும் இறங்காமல் போகிறவரை நாம் யாரும் மன்னிப்பதில்லை. ஒரு பெருந்தீங்கை, அதற்கு ஒப்பான எதையும் இழக்காமல் தடுக்க முடியுமானால் தடுத்தே ஆகவேண்டும் என்ற கொள்கையை இதன் மூலம் நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்கிறார் சிங்கர். குழந்தை கண்ணெதிரே இருக்கிறதா, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கிறதா என்பதும், காப்பாற்றக்கூடிய வேறு பலர் கரையில் நிற்கிறார்களா என்பதும் அந்தக் கடமையைக் குறைப்பதில்லை என்பது அவர் கருத்து.

குளத்தை எங்கள் ஊருணியாகவும், உடையைக் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியாகவும் வைத்துப் பார்த்தேன். வாதம் சிறிதும் தளரவில்லை. அடுத்த படியில்தான் நான் தடுமாறுகிறேன். ஒரு குழந்தையைத் தூக்கிப் படித்துறையில் விட்டதும் இன்னொன்று, அதன் பின் மற்றொன்று என்று வந்துகொண்டே இருந்தால், நான் எப்போது வீட்டுக்குப் போகலாம்? இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டாலும் அடுத்த மாத ஓய்வூதியத்தின் மீது அதே கேள்வி வந்து நிற்கும். எந்த இடத்திலும் போதும் என்று சொல்லாத கொள்கை, அந்தக் காரணத்தாலேயே தவறான கொள்கை ஆகிவிடுமா? அல்லது கொள்கை சரியாக இருக்க, நாம்தான் குறைவாகச் செய்துவருகிறோமா?

தேவகோட்டை வாத்தியார்:

இந்தக் கேள்விக்குள் இரண்டு மூன்று கேள்விகள் கலந்திருப்பதால் முதலில் அவற்றைப் பிரித்துவைப்பது நல்லது.

எல்லோருடைய நலத்தையும் சமமாக எண்ணி, மொத்தத்தில் மிக அதிக நன்மை தருவதே சரியான செயல் என்பது பயன்பாட்டுவாதம். அதற்கு அடித்தளமிட்ட ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெந்தாம், 1789இல் வெளியான தம் நூலில், முதன்மையாகச் சட்டம் இயற்றுபவரை நோக்கிப் பேசினார். எந்தத் தண்டனை நல்லது, எது வீண் கொடுமை என்பதை மக்கள் அடையும் இன்பதுன்பத்தைக் கொண்டு அளக்கவேண்டும் என்பதே அவருடைய பெரிய கவலை. ஓய்வூதியத்தில் எவ்வளவை நாம் வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே முன்னணிக் கேள்வியாக இருக்கவில்லை. 1861இல் அவர் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில் இதே கொள்கையை விளக்கி எழுதியபோது, இது மனிதரால் எட்டமுடியாத உயரத்தில் வைக்கப்பட்ட அளவுகோல் என்ற குறை ஏற்கெனவே கிளம்பியிருந்தது. அதற்கு அவர் இரண்டு விடைகள் தந்தார். நம் செயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வேறு நோக்கங்களால் செய்யப்படுகின்றன. கடமை விதி அவற்றைக் கண்டிக்காதவரை அப்படிச் செய்வதில் தவறில்லை என்பது ஒன்று. உலகத்துக்கே நன்மை செய்யும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. மற்றவர்கள் தம்மைச் சுற்றியுள்ள சிலரின் நலத்தைக் கவனித்தாலே போதுமானது என்பது மற்றொன்று.

சிங்கருடைய கொள்கைக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. கடுமையான வடிவத்தின்படி, இதற்கு மேல் கொடுத்தால் பெறுகிறவருடைய துன்பத்துக்குச் சமமான துன்பம் எனக்கோ என்னை நம்பியிருப்பவர்களுக்கோ வந்துவிடும் என்ற புள்ளி வரை நான் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மென்மையான வடிவம், அறநோக்கில் முக்கியமான எதையும் இழக்காத அளவுக்குக் கொடுத்தால் போதும் என்கிறது. இந்த மென்மையான வடிவத்தை ஏற்றாலும் நம் வாழ்க்கை முறை பெரிதும் மாறவேண்டியிருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அன்றியும், இவற்றை ஏற்க ஒருவர் பயன்பாட்டுவாதியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே பயன்பாட்டுவாதத்தைக் கைவிட்டுவிட்டால் நண்பர் வீட்டு ஓட்டுக்கு விடுதலை கிடைத்துவிடும் என்று யாரும் எண்ணவேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 1973இல் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் பயன்பாட்டுவாதத்தின் மீது தொடுத்த தாக்குதல் தொகையைப் பற்றியதே அன்று. என் வாழ்க்கையை என் வாழ்க்கையாக ஆக்குகிற பற்றுகளையும் பணிகளையும், உலக மொத்தக் கணக்கில் உள்ள பல இனங்களில் ஒன்றாக மட்டும் பார்த்து, கூட்டுத்தொகை வேறு விதமாக வந்தவுடன் அவற்றைக் கீழே போட்டுவிடு என்று சொல்வது, மனிதனை அவனுடைய செயல்களிலிருந்தே பிரித்துவிடுகிறது என்றார் அவர். ஒரு ரூபாயைக் கூடக் கேட்காத கொள்கைக்கும் இந்தக் குறை பொருந்தலாம்.

பள்ளத்தூர் மாணவன்:

ஐயா, மில்லின் இரண்டாம் விடை அவருடைய காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம், இன்று பொருந்தாது. 2007இல் தொடங்கப்பட்ட கிவ்வெல் போன்ற அமைப்புகள், எந்தத் தொண்டுக்குக் கொடுத்தால் எவ்வளவு நன்மை விளைகிறது என்பதைக் கணக்கிட்டு வெளியிடுகின்றன. கொசுவலை வழங்குதல் போன்ற பணிகளில் ஓர் உயிரைக் காக்கச் சில ஆயிரம் டாலர் ஆகிறது என்பது அவர்களுடைய மதிப்பீடு. நம் பணத்தில் சில லட்சம். அதாவது, தாழ்வார ஓட்டுக்காக ஒதுக்கப்படும் இரண்டு மூன்று பங்குகள் ஒரு குழந்தையின் வாழ்நாளுக்குச் சமம். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு இப்போது சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

கொள்கை அதிகமாகக் கேட்கிறது என்பதால் அது பொய் என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. உலகில் இவ்வளவு துன்பம் இருப்பது கொள்கையின் குற்றமா? துன்பம் குறைவான உலகில் இதே கொள்கை நம்மிடம் மிகக் குறைவாகத்தான் கேட்கும்.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி மில்லின் காலத்தைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. தொலைவு என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்போதே தடையாக இருந்ததில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்தவர்கள் உண்டியல் என்ற பணச் சீட்டு எழுதினால் இங்கே பணம் கைக்கு வந்துவிடும். லாபத்தில் மகமை என்று ஒரு பகுதியைத் தனித் தலைப்பில் எடுத்துவைத்து, காசி, இராமேசுவரம் வரைக்கும் சத்திரம் நடத்தினார்கள். ஆகவே, முகம் தெரியாத தொலைவிலுள்ளவருக்குக் கொடுப்பது புதிதாக வந்த கடமை என்று நான் எண்ணவில்லை. எவ்வளவு என்பதுதான் எப்போதும் கேள்வி.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வாத்தியார் ஐயா வில்லியம்ஸைப் பற்றிச் சொன்னதை என் வீட்டில் வைத்தே பார்க்கிறேன். என் மாமியாருக்கு நினைவு தவறிவிட்டது. என்னை யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் காலையில் காபியை ஆற்றி, டம்ளரைக் கையில் கொடுக்காமல் உதட்டருகே நான் பிடித்தால்தான் குடிப்பார்கள். வேலைக்கு இருக்கும் பெண் பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் சம்பளமும் மருந்துச் செலவும் என் ஓய்வூதியத்தில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கின்றன. தம்பியின் கணக்கில் இந்தச் செலவு எந்த வரியில் வரும்? ஒவ்வொருவரும் ஒன்றாகவே எண்ணப்படவேண்டும், யாரும் ஒன்றுக்கு மேல் எண்ணப்படக்கூடாது என்பது பெந்தாமுடைய வாக்காக மில் எடுத்துச் சொல்வது. அப்படி எண்ணினால், என் மாமியாருடைய இன்னும் ஓரிரு ஆண்டுகள், முகம் தெரியாத ஒரு குழந்தையின் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் நிற்காது. அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் நான் அந்தக் கணக்கைப் போட மறுக்கிறேன்; மறுப்பது என் பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளத்தூர் மாணவன்:

ஆச்சி, அந்தக் கணக்கைத் தினமும் போடச் சொல்லி எந்தப் பயன்பாட்டுவாதியும் கேட்கமாட்டார். 1874இல் பயன்பாட்டுவாதியான சிட்ஜ்விக் எழுதியதிலிருந்தே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது: எது சரி என்று அளக்கும் அளவுகோல் வேறு, அன்றாடம் மனத்தில் வைத்துச் செயல்படும் நோக்கம் வேறு. 1984இல் தத்துவ அறிஞர் பீட்டர் ரெய்ல்டனும் இதையே விரித்துரைத்தார். முதியவர்களை அவரவர் வீட்டார் கணக்குப் பாராமல் பார்த்துக்கொள்ளும் உலகம், ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்து முதியவர்களைக் கைவிடும் உலகத்தைவிட நல்லதாக இருக்கும் என்பதால், உங்கள் செயலை அந்த அளவுகோலே ஆதரிக்கிறது.

கோட்டையூர் ஆச்சி:

உலகம் நன்றாக இருக்கும் என்பதற்காக நான் காபி ஆற்றவில்லை, தம்பி. அளவுகோல் என்னை ஆதரிக்கிறது என்று நீ சொல்வது எனக்கு ஆறுதலாகவும் இல்லை; ஏனெனில் நாளைக்குக் கூட்டுத்தொகை மாறினால் அதே அளவுகோல் என்னைக் கைவிடும். இதில் நாம் உடன்படப்போவதில்லை. மேலே போகலாம்.

ஆத்தங்குடிப் பட்டறை:

நான் தத்துவம் படித்தவளல்லள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் குடும்பம் எங்களுடையது. கண்ணாடித் தட்டின் மேல் தகட்டு அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவிச் சாந்து போட்டு அழுத்தி, மறுநாள் நீரில் இறக்கி ஊறவிட்டு, பிறகு வெயிலில் காயவைத்துக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கிறோம். சூளை கிடையாது, எந்திரம் கிடையாது, எல்லாம் கை. பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் இல்லையென்றால் இந்த வேலையில் பாதி இருக்காது.

இங்கே இரண்டு லட்சத்தை ஓட்டுக்குக் கொடுப்பதை, யாரோ தமக்காக அனுபவித்துத் தீர்த்துவிடும் செலவைப்போல எழுதுகிறீர்கள். அந்தப் பணம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஓடு அடுக்குகிறவருக்கும் கூலியாகப் போகிறது. அது கணக்கில் வரவேண்டாமா?

பள்ளத்தூர் மாணவன்:

கட்டாயம் வரவேண்டும், அக்கா. ஆனால் அதே பணத்தைக் கொசுவலைக்குக் கொடுத்தாலும் நெய்கிறவருக்கும் ஏற்றி இறக்குகிறவருக்கும் கூலி கிடைக்கிறது. அதற்கு மேல் குழந்தை பிழைக்கிறது. இந்த வாதத்தை ஏற்றால் எந்த ஆடம்பரத்தையும் கூலியின் பெயரால் நியாயப்படுத்திவிடலாம் என்பதுதான் என் தயக்கம்.

ஆத்தங்குடிப் பட்டறை:

கொசுவலை நெய்கிறவருக்குக் கிடைப்பது எங்களுக்குக் கிடைக்காது, தம்பி. ஒப்பிட்டுப் பார்ப்பது சரி; ஆனால் கணக்குப் போடுகிறவர் இந்த ஊரில் எத்தனை பட்டறை மூடும் என்பதையும் தம் தாளில் எழுதட்டும் என்கிறேன். கைத்தொழில் ஒருமுறை அறுந்தால் மறுபடி பணம் வந்தாலும் திரும்புவதில்லை.

தேவகோட்டை வாத்தியார்:

அம்மா சொல்வதில் உள்ள நியாயம் மாணவர் நினைப்பதைவிடப் பெரியது என்று கருதுகிறேன். ஓர் உயிருக்கு இவ்வளவு டாலர் என்று எண்ணிவிட முடிகிற நன்மைகளையே கணக்கு விரைவாகப் பிடித்துக்கொள்கிறது. எண்ணமுடியாதவை தாளின் ஓரத்தில் நின்றுவிடுகின்றன. அது கொள்கையின் பிழையா, கணக்கரின் பிழையா என்பதைத் தனியே விவாதிக்கலாம்.

நான் இப்போது சொல்லவந்தது வேறு. கடமைக்கு மேற்பட்ட நற்செயல் என்று ஒன்று இருப்பதாக நாம் எல்லோரும் நம்புகிறோம். செய்தால் போற்றுவோம், செய்யாவிட்டால் குறை சொல்லமாட்டோம். 1958இல் ஆம்சன் என்ற தத்துவ அறிஞர், வழக்கமான அறக்கோட்பாடுகளில் இதற்கு இடமே இல்லை என்று சுட்டிக்காட்டினார். மிகப் பெரும் நன்மை எதுவோ அதுவே கடமை என்று வைத்துவிட்டால், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதற்குக் கீழே செய்வதெல்லாம் தவறாகிவிடுகிறது.

ஆச்சியின் ஊரில் பிறந்த அழகப்பச் செட்டியாரை எடுத்துக்கொள்வோம். 1947இல் காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். மைய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் அது திறக்கப்பட்டது. 1957இல் காலமானபோது அவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. இன்று அந்த வளாகத்தின் வழியாகப் போகிற எவரும், அவர் தம் கடமையைச் செய்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதில்லை. கடுமையான பயன்பாட்டுவாதியோ அவ்வளவுதான் சொல்லமுடியும். இன்னும் மிச்சம் வைத்திருந்தால் அதற்காகக் குறைகூட சொல்லவேண்டியிருக்கும். இந்த முடிவு எனக்குக் கோணலாகத் தெரிகிறது.

குறளிலேயே இந்த இழுபறி இருக்கிறது. ஒப்புரவால், அதாவது பிறருக்கு உதவி வாழ்வதால், கேடு வருமென்றால், அந்தக் கேடு தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளத் தக்கது என்று ஒப்புரவறிதல் அதிகாரம் முடிகிறது. வலியறிதல் அதிகாரமோ, தன்னிடம் உள்ள அளவைச் சீர்தூக்காமல் செய்யும் ஒப்புரவால் செல்வத்தின் அளவு விரைவில் கெடும் என்று முடிகிறது. முன்னது இல்லறத்தானிடம் பேசுகிறது, பின்னது அரசனிடம் பேசுகிறது என்று உரை சொல்லித் தப்பித்துவிடலாம். என் வாசிப்பில் இரண்டுமே ஒரே மனிதனிடம் பேசுகின்றன. முதலாவது அவன் எதைப் போற்றவேண்டும் என்பதையும், இரண்டாவது அவனிடம் எதைக் கேட்கலாம் என்பதையும் சொல்கின்றன.

பள்ளத்தூர் மாணவன்:

ஐயா, அழகப்பரைப் போற்றுவதா குறைசொல்வதா என்பது நாம் அவரை எப்படி நடத்தவேண்டும் என்ற கேள்வி. போற்றினால் பலர் பின்பற்றுவார்கள். ஆகவே போற்றுவதே நல்லது. அவர் செய்தது கடமையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துக் குழப்பக்கூடாது.

என் உண்மையான மறுப்பை இப்போது சொல்கிறேன். அளவுக்கு மீறிக் கேட்கிறது என்று புகார் சொல்பவர்கள் எல்லோரும், கொடுக்கவேண்டியவரின் முகப்பில் உட்கார்ந்துகொண்டே அளக்கிறார்கள். ஊருணியில் கிடக்கும் குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். நீங்கள் வேட்டியைக் காத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் ஓர் அறம், அந்தக் குழந்தையிடம் எதைக் கேட்கிறது? உயிரைக் கேட்கிறது. இரண்டு லட்சம் கேட்பது அதிகம், உயிரைக் கேட்பது அதிகமில்லை என்று எப்படிச் சொல்கிறோம்? இழப்பைத் திணிக்கும்போது மட்டும் அதை அறத்தின் கோரிக்கையாகக் கணக்கில் எழுதுகிறோம். இழப்பை அனுமதிக்கும்போது எழுதுவதில்லை. தத்துவ அறிஞர் டேவிட் சோபல் 2007இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். கொடுக்கச் சொல்வதற்கும் விட்டுவிட அனுமதிப்பதற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருப்பதாக முன்கூட்டியே நம்பினால்தான் இந்தப் புகாரே நிற்கும். அந்த நம்பிக்கையையே அல்லவா பயன்பாட்டுவாதம் கேள்வி கேட்கிறது?

கானாடுகாத்தான் வளவு:

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் இதை ஏற்றுக்கொண்ட ஒருவர் நாளை காலை எழுந்து என்ன செய்வார் என்பதும் எனக்குப் புலப்படவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டவர்களை நான் பார்த்ததில்லை. ஒன்றும் செய்யமுடியாது என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தத்துவ அறிஞர் சூசன் வொல்ஃப் 1982இல் எழுதியதைச் சித்தப்பா பேத்தி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு நிமிடமும் அறத்துக்கே என்று வாழும் புனிதரைத் தமக்கோ தம் அன்புக்குரியவர்களுக்கோ முன்மாதிரியாக விரும்பமாட்டேன் என்கிறார் அவர். பாட்டுக் கேட்பதற்கும் நல்ல சமையலுக்கும் நேரமில்லாத மனிதரோடு ஒரு வீட்டில் இருப்பது சிரமம்தான்.

புதுவயல் அரிசி ஆலை:

அனைவரும் எவ்வளவு கொடுப்பது என்று பேசுகிறீர்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவேண்டாம். என் தாத்தாவும் பர்மாவிலிருந்து 1942இல் நடந்து வந்தவர்தான். கடை முதலாளியாக இருந்தவரல்லர், கடையில் சமையல் செய்தவர்.

1930களில் நெல் விலை விழுந்தபோது, கடனைக் கட்டமுடியாத விவசாயிகளின் நிலங்கள் கடன் கொடுத்தவர்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930களின் இறுதியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நிலம் சேர்க்கும் நோக்கத்தோடு அவர்கள் வட்டித் தொழிலுக்குப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. விலை வீழ்ச்சி அவர்களையும் அடித்தது. பிற்பாடு அந்த நிலமும் அவர்களிடம் தங்கவில்லை. ஆனாலும் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் எந்த வரவிலிருந்து வந்தன என்பது நமக்குத் தெரியும்.

என் கேள்வி இது. ஒருவர் கொடுப்பது கொடையா, திருப்பிச் செலுத்தும் கடனா என்பதைப் பொறுத்து அளவு மாறவேண்டாமா? பயன்பாட்டுவாதம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. அது முன்னோக்கி மட்டுமே பார்க்கிறது. பணம் எங்கே போனால் அதிக நன்மை என்று கேட்கும், எங்கிருந்து வந்தது என்று கேட்காது. எனவே ஒரு பக்கம் அது அளவுக்கு மீறிக் கேட்கிறது. இன்னொரு பக்கம், கேட்கவேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறது.

தேவகோட்டை வாத்தியார்:

கடைசி வரியில் சொன்னது இந்த இழையில் இதுவரை வராத கருத்து. கடனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்போது அது அதிகம் என்று யாரும் முறையிட முடியாது. ஐந்து லட்சம் வாங்கியவர் ஐந்து லட்சத்தைத் தரவேண்டும். அளவுக்கு மீறியது என்ற சொல் கொடைக்குத்தான் பொருந்தும். ஆனால் மூன்று தலைமுறைக்குப் பின் யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு என்று நிறுவுவது மிகக் கடினம். அப்படி நிறுவமுடியாதபோது, இப்போது யாருக்கு மிக அதிகத் தேவை என்று பார்ப்பது தவிர வேறு வழியில்லை என்று பயன்பாட்டுவாதி சொல்வார். முழு விடையில்லை என்றாலும், தள்ளிவிடத்தக்க விடையும் அன்று.

கோட்டையூர் ஆச்சி:

நேற்றிலிருந்து யோசித்ததை எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன ஊருணி வாதத்தை நான் மறுக்கவில்லை. கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வதே சரி. அந்தக் கணக்கை யாரிடம் நீட்டுகிறோம் என்பதில்தான் எனக்கு மாறுபாடு. கரையில் ஒருவர் மட்டும் நிற்பதுபோலவே இந்த விவாதம் முழுவதும் நடக்கிறது. எங்கள் கோயில்களில் புள்ளி வரி என்று ஒன்று இருக்கிறது. திருமணமான தம்பதி ஒரு புள்ளி. இந்த ஆண்டு திருப்பணிக்கு இவ்வளவு வேண்டும், ஊரில் இத்தனை புள்ளி, ஆகவே புள்ளிக்கு இவ்வளவு என்று எங்கள் செட்டியார் சமூகத்தாராகிய நகரத்தார் கூடி முடிவு செய்வார்கள். அதைக் கட்டியவரிடம் மேலும் ஏன் தரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். கட்டாதவர் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது. புள்ளி வரி பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே அளவாக இருப்பது குறைதான். மகமை லாபத்தைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வரும் என்பதால், இரண்டும் சேரும்போது ஓரளவு சரியாகும்.

2000இல் லியாம் மர்ஃபி என்ற அறிஞர் எழுதியதும் கிட்டத்தட்ட இதுவே என்று வாத்தியார் ஐயா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். நன்மை செய்யும் கடமை எல்லோருக்கும் பொதுவானது. எல்லோரும் தம் பங்கைச் செய்தால் என் பங்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவே என்னிடம் கேட்கலாம். பிறர் செய்யாமல் விட்டதையும் என் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்பது அவர் கருத்து. எல்லோரும் பங்கைச் செலுத்தும் உலகில் ஒவ்வொருவர் பங்கும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். சிங்கரே பிற்காலத்தில், சராசரி வருமானக்காரர்களுக்கு நூற்றுக்கு 1 என்று தொடங்கி வருமானம் ஏற ஏறக் கூடும் ஓர் அளவுப்பட்டியலைப் பரிந்துரைத்தார். 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஆர்ட் தொடங்கிய அமைப்பில் சேர்பவர்கள் வருமானத்தில் நூற்றுக்கு 10 தருவதாக உறுதி சொல்கிறார்கள். எல்லாம் சுற்றிவந்து மகமையில்தான் நிற்கின்றன.

பள்ளத்தூர் மாணவன்:

ஆச்சி, ஊருணியில் இரண்டு குழந்தைகள் விழுந்திருக்கிறார்கள். கரையில் நீங்களும் இன்னொருவரும் நிற்கிறீர்கள். ஆளுக்கு ஒன்று என்பதே நியாயமான பங்கு. நீங்கள் ஒரு குழந்தையைத் தூக்கிவிட்டீர்கள். மற்றவர் திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார். இரண்டாவது குழந்தை எட்டும் தூரத்தில் இருக்கிறது. என் புள்ளியைக் கட்டிவிட்டேன் என்று சொல்லி நீங்கள் போய்விடுவீர்களா? நீங்கள் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மர்ஃபியின் கருத்து அந்த இடத்தில் உடைகிறது.

தேவகோட்டை வாத்தியார்:

இது மர்ஃபிக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் மறுப்பு, வலுவானதும்கூட. தத்துவ அறிஞர் பிராட் ஹூக்கர் காட்டும் வழி இதில் சற்று மேலானது என்று நினைக்கிறேன். அவர் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே அளப்பதில்லை. பெரும்பாலோர் மனத்தில் பதிந்துவிட்டால் மிக நல்ல விளைவைத் தரக்கூடிய விதிகள் எவை என்று கேட்கிறார். அத்தகைய விதிகளில், பெருந்துன்பத்தில் இருப்பவருக்கு உதவு என்பதும் இருக்கும். ஆனால் அதற்கான செலவை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாராமல், வாழ்நாள் முழுவதற்குமாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். கண்ணெதிரே பேரழிவு நேரும்போது அதைத் தடுக்கும் விதி மற்ற விதிகளை மிஞ்சி நிற்கும். எனவே ஆச்சி இரண்டாவது குழந்தையையும் தூக்குவார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஊருணியிலேயே நிற்கும்படி அவர்களிடம் யாரும் கேட்கமுடியாது. அந்த வாழ்நாள் அளவு எவ்வளவு என்பதைத் துல்லியமாகச் சொல்லமுடியாதது இதன் குறை. அக்குறையோடு வாழ என்னால் முடிகிறது.

பள்ளத்தூர் மாணவன்:

எனக்கு முடியவில்லை, ஐயா. கண்ணெதிரே என்பதற்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? ஆனால் இதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டோம், மறுபடியும் சுற்றவேண்டாம். ஆச்சியிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு போதும் என்று அளவை நிர்ணயிக்கும் அந்தக் கூட்டத்தில், பெறவேண்டியவருக்கு இடம் உண்டா? கொடுப்பவர்கள் மட்டும் கூடி, தங்களுக்குத் தாங்கும் அளவைத் தாங்களே முடிவு செய்தால், அது எந்த வகையில் நியாயமான பங்கு ஆகும்?

கோட்டையூர் ஆச்சி:

இதுவரை நீ கேட்டதில் இதற்குத்தான் நான் முழுமையாக இணங்குகிறேன், தம்பி. எங்கள் ஊரில் புள்ளிக்குக் கணக்கு எழுதும்போது தம்பதியாக எழுதினார்கள். கூட்டத்தில் பேசியவர்கள் ஆண்கள் மட்டுமே. வரியைக் கட்டும் வீட்டில் பாதியாக இருந்தும், எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டுக்குச் சத்திரத்துக்கு வந்தவரிடம் எத்தனை இலை போடலாம் என்று யாரும் கேட்டதும் இல்லை. ஆகவே நூற்றுக்கு 1 என்றோ 10 என்றோ சொல்லும் எந்த அளவையும் இறுதியானதாக நான் ஏற்கவில்லை. பெறுகிறவரும் உட்கார்ந்து பேசி, வராத புள்ளிகளுக்காக இந்த ஆண்டு எவ்வளவு கூட்டுவது என்பதையும் சேர்த்து முடிவு செய்த அளவாக அது இருக்கவேண்டும். அப்படி ஒரு கூட்டம் 10 என்பதை 20 ஆக்கினால் கட்டிவிடுவேன். தனியாக ஒருத்தியை நிறுத்தி எல்லையில்லாமல் கேட்டால், அந்தக் கேள்வியைக் கூட்டத்துக்கு எடுத்துப்போ என்றுதான் சொல்வேன்.

பள்ளத்தூர் மாணவன்:

அந்தக் கூட்டம் கூடும்வரை?

கோட்டையூர் ஆச்சி:

அதுவரைக்கும் என் மகமை 10. இரண்டாவது குழந்தைக்குத் தனிக் கணக்கு.